என் மேல் சித்தர் இறங்கிய காலை

நான் சித்தராக இருந்தது மொத்தம் ஒன்றரை மணி நேரம்தான். அன்றைக்கு என் காலில் விழுந்தவர்களில் மூன்று பேர் இன்றைக்கும் என்னைக் கடைத்தெருவில் கண்டால் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிடுகிறார்கள். "வேண்டாம் வே, நான் தறிக்காரன், என்னைக் கும்பிடாதேயும்" என்று எத்தனையோ தடவை சொல்லியாயிற்று. சிரிக்கிறார்கள். சித்தர்கள் அப்படித்தான் தங்களை மறைத்துப் பேசுவார்களாம். இந்தக் கூத்துக்கு நான் என்ன செய்ய?

எங்களுக்குச் சங்கரன்கோவில்தான் பூர்வீகம். வீட்டுக்குப் பின்னால் தகரம் போட்ட கொட்டகையில் ஆறு விசைத்தறி ஓடுகிறது. சேலை நெய்கிறோம். தறிச் சத்தத்திலேயே வளர்ந்தவனுக்கு மெதுவாகப் பேச வராது என்று சொந்தக்காரர்கள் எனக்காகச் சாக்குச் சொல்வார்கள். அது பொய். தறி நின்றிருக்கும்போதும் நான் கத்துவேன். நூல் அறுந்தால் கத்துவேன், கரண்டு போனால் கத்துவேன், சோற்றில் ஒரு கல் கிடந்தால் தெருவே கேட்கும்படி கத்துவேன். மகளை ராஜபாளையத்தில் கட்டிக்கொடுத்த பிறகு கத்துவதற்கு வீட்டில் மிச்சம் இருந்தது என் மனைவி ஒருத்திதான். முப்பது வருஷத்தில் அவள் திருப்பி ஒரு வார்த்தை பேசியதில்லை. அது அவளுடைய நல்ல குணம் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அது ஆனி மாதம். குற்றாலத்தில் சாரல் விழுகிற நாட்களில் எங்கள் ஊருக்கு வெறும் காற்றுதான் வரும், மண்ணை வாரிக்கொண்டு. ஒரு சாயங்காலம், நான் சாப்பிட உட்கார்ந்தபோது, கரிவலம்வந்தநல்லூரில் தம்பி வீட்டு விசேஷத்துக்குப் போய்விட்டு வரட்டுமா என்று அவள் கேட்டாள். பக்கத்து ஊர். காலையில் பஸ் ஏறினால் சாயங்காலம் திரும்பிவிடலாம். தறிக்கு யார் நூல் சுற்றுவது என்று கேட்டேன். ஒரு நாள்தானே என்றாள். அதற்கு நான் சொன்னதை அப்படியே எழுத வேண்டும் என்றுதான் உட்கார்ந்தேன், கை வரவில்லை. செத்துப்போன அவளுடைய அப்பாவை இழுத்துப் பேசினேன் என்பதோடு விட்டுவிடுகிறேன். பேசியது போதாதென்று சோற்றுத் தட்டையும் தூக்கிச் சுவரில் எறிந்தேன். அவள் குனிந்து சோற்றைப் பொறுக்க ஆரம்பித்தாள். எனக்கு அதைப் பார்க்கப் பிடிக்கவில்லை. பாயைச் சுருட்டிக்கொண்டு தறிக் கொட்டகைக்குப் போய், தறிக்கும் சுவருக்கும் நடுவில் தரையில் விரித்துப் படுத்துவிட்டேன்.

கொட்டகையில் கழிவு நூல் மூட்டை கிடக்கும். மூட்டைக்கு எலி வரும். எலிக்குப் பின்னால் எது வரும் என்று எங்கள் ஊரில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால் அதற்காகப் பயப்படுகிறவர்கள் இங்கே குறைவு. வீட்டில் பாம்பைக் கண்டால் அடிக்க மாட்டோம். கையெடுத்துக் கும்பிட்டு, "கோமதி அம்மா, ஒங்கிட்ட வாரோம்" என்று சொல்லி, வழி விட்டு நிற்போம். அது போன பிறகு கோமதி அம்மன் கோயிலுக்குப் போய், பாம்பு உருவம் போட்ட வெள்ளித் தகடு ஒன்று வாங்கி உண்டியலில் போட்டுவிட்டு, புற்றுமண்ணை நெற்றியில் பூசிக்கொண்டு வந்தால் காரியம் முடிந்தது. தேளுக்கும் தகடு உண்டு, பூரானுக்கும் உண்டு. சொறி, சிரங்கு, வயிற்று வலி எதுவானாலும் ஒரு சிட்டிகை புற்றுமண் போதும். இந்த ஊர் எல்லைக்குள் விஷம் ஏறாது என்று கேட்டுக் கேட்டே வளர்ந்தோம்.

விடியும்போது வயிற்று வலியில் விழித்தேன். என்னைப் பாம்பு கடித்தது எனக்குத் தெரியாது. கட்டுவிரியன் கடித்தால் கொசு கடித்த அளவுகூடத் தெரியாது என்று பிறகு டாக்டர் சொன்னார். வீக்கம் இல்லை, ரத்தம் இல்லை, பல் பட்ட தடம்கூடக் கண்ணுக்குச் சிக்கவில்லை. வயிற்றைப் போட்டுப் பிசைந்தது. சாக்கடை ஓரம் போய் வாந்தி எடுத்தேன். பட்டினியாகப் படுத்ததால் வாய்வு பிடித்திருக்கும் என்று நினைத்தேன். வீட்டுக்குள் போய் அவளிடம் சொல்ல ரோஷம் விடவில்லை. சட்டையை மாட்டிக்கொண்டு, ஒரு சிட்டிகை புற்றுமண் போட்டால் சரியாகிவிடும் என்று கோயிலுக்கு நடந்தேன்.

வாசலில் நின்று நிமிர்ந்து பார்த்தால் கோபுரம் இரண்டாக இருந்தது. ஒன்று அதனுடைய இடத்தில். இன்னொன்று சற்றுத் தள்ளி, லேசாகச் சாய்ந்து. கண்ணைக் கசக்கிவிட்டுப் பார்த்தேன், இரண்டும் அப்படியே நின்றன. இரண்டு பூக்காரிகள் ஒரே குரலில் "அண்ணாச்சி, பூ வேணுமா?" என்றார்கள். விலகி உள்ளே போனேன். சங்கரநாராயணர் சந்நிதியில் சாமி பாதி சிவனாகவும் பாதி பெருமாளாகவும் நிற்பார், பிறந்ததிலிருந்து பார்க்கிறேன். அன்றைக்கு நான் பார்க்கும்போது உள்ளே இரண்டு பேர் நின்றார்கள். ஒருவருக்குப் பக்கத்தில் ஒருவர், முழுசாக. எனக்கு மயிர்க்கூச்செடுத்தது. பயமா பக்தியா என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டே புற்று இருக்கும் இடத்துக்குப் போய் மண்ணை எடுத்து வாயில் போட்டேன். நாக்கில் கரைந்தது, விழுங்க வரவில்லை. தொண்டைக்கு விழுங்குவதே மறந்துபோயிருந்தது. மண் கலந்த எச்சில் கடைவாயில் வழிந்தது. துண்டால் துடைத்துக்கொண்டேன்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போயிருக்க வேண்டும். இன்றைக்கு யார் வேண்டுமானாலும் அதைச் சொல்லலாம். எனக்கு அப்போது தோன்றியதெல்லாம் எங்கேயாவது குளிர்ந்த தரையில் உட்கார வேண்டும் என்பதுதான். பாம்பாட்டிச் சித்தரின் ஜீவசமாதி, கோயிலிலிருந்து நடக்கிற தூரம்தான். மருதமலைக்காரர்கள் அவர் எங்களுடையவர் என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். அவர் எங்கள் ஊர் மண்ணுக்கடியில் இன்றைக்கும் உயிரோடு உட்கார்ந்திருக்கிறார் என்பதில் இங்கே யாருக்கும் சந்தேகம் கிடையாது. பாம்பு பிடித்துப் பிழைத்தவர் அவர். மாணிக்கப் பாம்பைத் தேடிக் காடெல்லாம் அலைந்தவரை ஒரு பெரியவர் வழிமறித்து, வெளியே என்னத்தைத் தேடுகிறாய், உனக்குள்ளே ஒன்று சுருண்டு படுத்திருக்கிறதே, முடிந்தால் அதைப் பிடி என்றாராம். அன்றைக்குக் கூடையைப் போட்டுவிட்டு உட்கார்ந்தவர்தான். நான் அங்கே வருஷத்துக்கு இரண்டு தடவை போனால் அதிகம். கும்பிடப் போவதில்லை, தறிச் சத்தம் இல்லாத இடம் என்று போவேன்.

அன்றைக்குப் பௌர்ணமி என்பது எனக்கு ஞாபகம் இல்லை. போய்ப் பார்த்தால் காலையிலேயே கூட்டம். ஒரு ஓரமாகச் சுவரில் முதுகைச் சாய்த்துச் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். இமை தானாகக் கீழே இறங்கியது. கொஞ்ச நேரம் அப்படியே இருந்துவிட்டுக் கண்ணைத் திறக்கப் பார்த்தேன். திறக்கவில்லை.

நெற்றியைச் சுருக்கி இமையைத் தூக்கப் பார்த்தேன். நெற்றி சுருங்கவில்லை. கையால் விலக்கலாம் என்றால் கை மடியில் கிடந்தது கிடந்தபடி கிடந்தது. கால் இருப்பது தெரிந்தது, தரையின் குளிர்ச்சி தெரிந்தது, கழுத்தில் ஈ உட்கார்ந்தது தெரிந்தது. எதையும் அசைக்க முடியவில்லை. "யாராவது வாங்களேன்" என்று கத்தினேன். முப்பது வருஷம் கத்திப் பழகிய வாய். வெளியே வந்தது ஒரு முனகல்தான், மூக்கு வழியாக, நீளமாக.

பக்கத்தில் ஒரு பொம்பளைக் குரல் கேட்டது. "எக்கா, இங்கன பாரேன். இந்த அண்ணாச்சி பிரணவம் சொல்லுதாரு."

இரண்டு மூன்று பேர் கிட்டே வந்தார்கள். அதில் ஒரு குரல் எனக்குத் தெரிந்த குரல். ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர், பௌர்ணமி தவறாமல் வருகிறவர். என் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினார் என்று அவரை ஒரு தடவை நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டிருக்கிறேன். அப்பாடா, நம்மைத் தெரிந்த ஆள் வந்துவிட்டார் என்று நினைத்தேன்.

"யாரும் தொடாதீங்க" என்றார் வாத்தியார். "தொட்டாக் கலைஞ்சிரும். இந்த மனுசனை எனக்கு நல்லாத் தெரியும். வாயைத் தொறந்தாச் சண்டைதான், ஒரு நிமிசம் சும்மா இருக்க மாட்டாரு. அவரு இப்படி அசையாம உக்காந்திருக்காருன்னா, அது அவரு இல்லை. உள்ள உக்காந்திருக்கது வேற ஆளு."

"சித்தரா சார்?"

"பின்ன? மொகத்தைப் பாருங்க. ஒரு சுருக்கம் இருக்கா?"

என் முகத்தில் சுருக்கம் இல்லாததற்குக் காரணம் முகம் செத்துக்கொண்டிருந்ததுதான். அதை யாரிடம் சொல்ல? நான் கத்தியே வாழ்ந்ததுதான் எனக்கு வினையாக வந்து உட்கார்ந்தது. வேறு எவனாவது சாதுவான மனுஷன் அந்த இடத்தில் அப்படி உட்கார்ந்திருந்தால், என்னமோ உடம்புக்கு முடியவில்லை என்று தண்ணீராவது தெளித்திருப்பார்கள்.

பிறகு நடந்ததெல்லாம் காதால் கேட்டது. பாத்திரங்கள் நகர்ந்தன, ஆட்கள் வரிசையாக வந்தார்கள். யாரோ நெற்றியில் விபூதியை அப்பினார்கள். கொஞ்சம் மூக்கில் ஏறியது, தும்ம முடியவில்லை. யாரோ கழுத்தில் மாலை போட்டார்கள். மாலையில் எறும்பு இருந்தது. அது கழுத்திலிருந்து தாடைக்கு ஏறி, உதட்டு ஓரமாக ஊர்ந்து, வழிந்துகொண்டிருந்த எச்சிலில் நின்றது. "பாருங்க, எறும்பு ஊருது, அவருக்கு ஒறைக்கவே இல்லை" என்று ஒருவர் குரல் தழுதழுக்கச் சொன்னார். எனக்கு எல்லாம் உறைத்தது. ஒரு அம்மா மகன் குடிப்பதைச் சொல்லி அழுதாள். அவளுடைய கண்ணீர் என் பெருவிரலில் சூடாக விழுந்தது. ஒருவன் செல்போனில் படம் எடுக்கிறான் என்பது பக்கத்தில் இருந்தவர் அவனை அதட்டியதில் தெரிந்தது. என் மூடிய கண்ணிலிருந்தும் தண்ணீர் வந்தது. "ஆனந்தக் கண்ணீர்" என்றார் வாத்தியார்.

அதற்குப் பிறகு அவர் இன்னொன்றைக் கவனித்தார். "மூச்சைப் பாத்தீங்களா? முன்ன இருந்ததுக்குப் பாதிகூட இல்லை. அடக்குதாரு."

எனக்குச் சாவு பயம் வந்தது அப்போதுதான். நான் எங்கே அடக்கினேன்? நெஞ்சு மேலே ஏற மாட்டேன் என்றது. ஒவ்வொரு மூச்சையும் கிணற்றிலிருந்து வாளியை இழுப்பதுபோல இழுக்க வேண்டியிருந்தது, வாளியில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்தது. அய்யா, அடக்கலை, நிக்கப்போகுது, தூக்கிட்டுப் போங்க என்று உள்ளுக்குள் கதறினேன். வெளியே எல்லாரும் சேர்ந்து சத்தம் போடாமல் இருந்தார்கள். என் மூச்சு குறைவதை அவ்வளவு பேரும் பயபக்தியோடு பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

யாரோ ஒருவர் தாழ்ந்த குரலில் கேட்டார். "சார், ஒருவேளை இப்படியே அடங்கிட்டாருன்னா?"

"அடங்கினா அது அவரு கொடுத்து வச்சது. ஆனா ஆளைப் படுக்க வச்சிரக் கூடாது. உக்காந்தாப்புலயேதான் குழிக்குள்ள எறக்கணும். விபூதி, வில்வம், உப்பு எல்லாம் வேணும்."

"வீட்டுக்குச் சொல்லணும்லா?"

"சொல்லுவோம். அந்த அம்மாட்டயும் கேக்கணும்லா."

அவர்கள் ஒன்றும் கெட்டவர்கள் இல்லை. அதுதான் கொடுமை. ஒருவர் குரலிலும் பொல்லாங்கு இல்லை, கல்யாணத்துக்குச் சாமான் எழுதுகிற மாதிரி அக்கறையாகப் பேசினார்கள். நான் உட்கார்ந்திருந்த தரைக்குக் கொஞ்ச தூரத்தில், மண்ணுக்கடியில், ஒருவர் இதே மாதிரி சம்மணம் போட்டு இருக்கிறார். அவரை இறக்கிய அன்றைக்கு மேலே நின்றவர்கள் பேசியது அவருக்கும் கேட்டிருக்குமா? வேண்டாம் என்று அவரும் சொல்லிப் பார்த்தாரா? முதல் கூடை மண் விழுந்தபோது என்ன நினைத்திருப்பார்? இப்படி நினைப்பது பாவம் என்று தெரியும். நினைத்தேன். நினைத்துக்கொண்டிருக்கும்போதே இன்னொரு மூச்சு கேட்டது. என்னுடைய ஒரு மூச்சுக்கும் அடுத்ததுக்கும் நடுவில், முதுகுக்குப் பின்னால், சுவருக்குள்ளிருந்து. அவசரமே இல்லாத மூச்சு. நான் இழுக்கும்போது அது நிற்கும், நான் நிறுத்தினால் அது இழுக்கும். ரத்தத்தில் காற்று குறைந்தால் காதில் அப்படியெல்லாம் கேட்கும் என்று டாக்டர் காரணம் சொன்னார். இருக்கலாம். நான் கேட்டது கேட்டதுதான், அதை யாருக்காகவும் மாற்றிச் சொல்ல முடியாது.

"வழி விடுங்க, அந்த அம்மா வந்துட்டாக" என்று யாரோ சொன்னார்கள்.

என் மனைவி வருவது மெட்டிச் சத்தத்தில் தெரிந்தது. அவள் மேலே எப்போதும் இருக்கிற நூல் கஞ்சி வாடை வந்தது. என் உடம்பில் அசையக்கூடியதாக ஏதாவது மிச்சமிருந்திருந்தால் அந்த வாடைக்கு அசைந்திருக்கும். இனிக் கவலை இல்லை, இவள் கண்டுபிடித்துவிடுவாள் என்று நினைத்தேன். அவள் என் காலடியில் உட்கார்ந்தாள். வாத்தியார் அவளுக்கு எல்லாவற்றையும் விளக்கினார், நீ பாக்கியசாலி என்றார். அவள் கேட்டுக்கொண்டே என் முகத்துக்குக் கிட்டே குனிந்தாள். யாருக்கும் கேட்காதபடி என் காதில் சொன்னாள்.

"ஏங்க, நீங்க படுத்திருந்த பாயில கட்டுவிரியன் கெடந்துச்சு."

காலையில் கொட்டகையைப் பெருக்கப் போனவள் பாயை உதறியிருக்கிறாள். கறுப்பில் வெள்ளை வளையம் போட்டது ஒன்று தரையில் விழுந்து, சாவகாசமாகச் சுவர் ஓட்டைக்குள் போயிருக்கிறது. வழக்கப்படி அவள் கும்பிட்டு நின்றிருக்கிறாள். வழக்கப்படி கோயிலுக்குப் போய் வெள்ளித் தகடு வாங்கி உண்டியலில் போட்டிருக்கிறாள். அங்கே வைத்துத்தான் யாரோ, ஒங்க வீட்டுக்காரர் மேல சித்தர் இறங்கியிருக்காராம், போய்ப் பாருங்க என்று சொல்லியிருக்கிறார்கள். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்தது. ஆனால் அவளுக்குத் தெரிந்துவிட்டது என்பது அவள் காதில் சொன்ன அந்த நொடியே எனக்குத் தெரிந்தது. சொல்லிவிட்டு அவள் நிமிர்ந்தாள். இப்போது கத்துவாள் என்று காத்திருந்தேன்.

அவள் கத்தவில்லை. பேசாமல் உட்கார்ந்திருந்தாள்.

எவ்வளவு நேரம் என்று எனக்குச் சொல்லத் தெரியவில்லை. யாரோ கற்பூரத்தட்டைக் கொண்டுவந்து முன்னால் வைத்தார்கள், அந்த வாசனை வந்தது. யாரோ மணி அடித்தார்கள். நான் ஒரு மூச்சு இழுத்தேன், சுவருக்குள் இருந்தவர் ஒரு மூச்சு இழுத்தார். அவளுடைய மூச்சும் கேட்டது. என் மனைவிக்கு நான் செத்துக்கொண்டிருப்பது தெரியும். அங்கே இருந்த அத்தனை பேரில் அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். அவள் சும்மா உட்கார்ந்திருக்கிறாள். மண்ணுக்குள் இறக்குவதைப் பற்றிப் பேசினார்களே, அப்போதுகூட எனக்கு அவ்வளவு குளிரவில்லை.

காலில் சூடு பட்டது, யாரோ அதை நகர்த்தி வைத்தார்கள். பிறகு ஒரு சத்தம் கேட்டது. முப்பது வருஷத்தில் நான் கேட்டிராத சத்தம். முதலில் அது அவள் குரல் என்றே எனக்குப் பிடிபடவில்லை.

"இவுகளைப் பாம்பு கடிச்சிருக்கு! சித்தரும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை! ஆட்டோவைக் கூப்பிடுங்க!"

"அம்மா, தபசைக் கலைக்காதீங்க, பாவம் வந்து சேரும்" என்றார் வாத்தியார்.

"வரட்டும் சார், எனக்கு வரட்டும்! ஒரு கை பிடிங்கய்யா! கட்டையா நிக்கீங்களே!"

அவள் என் இமையை விரலால் பிதுக்கித் திறந்தாள். வெளிச்சம் தெரிந்தது, அவள் இரண்டாகத் தெரிந்தாள். மாலையைப் பிய்த்து எறிந்தாள். என் அக்குளில் கையைக் கொடுத்து இழுத்தாள். நான் சரிந்து பக்கவாட்டில் விழுந்தபோதுதான் கூட்டத்துக்கு உறைத்தது. குடிகார மகனுக்காக அழுத அந்த அம்மாதான் முதலில் காலைப் பிடித்தாள். வாத்தியாரும் தூக்கினார், அதையும் சொல்ல வேண்டும். ஆட்டோவில் போட்டு ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். டாக்டர் என் கண்ணைத் திறந்து பார்த்த வேகத்தில், "பாம்பை எப்போ பாத்தீங்க?" என்று கேட்டார். "காலையில ஏழு மணிக்கு" என்றாள். "இப்ப மணி பத்தரையாவுதே, இவ்வளவு நேரம் என்னம்மா செஞ்சீங்க?" என்றார். ஊசி போட்டு, தொண்டைக்குள் குழாயை இறக்கி, ஒருவர் கையால் காற்றை அமுக்கிக்கொண்டே வர, ஆம்புலன்ஸில் திருநெல்வேலிக்கு அனுப்பினார்கள். அங்கே எனக்காக ஒரு மிஷின் பல நாள் மூச்சு விட்டது.

மூன்று வாரம் கழித்து வீட்டுக்கு வந்தேன். குழாய் உரசியதில் தொண்டை புண்ணாகி, என் குரல் காற்று மாதிரிதான் வந்தது. கத்த முடியவில்லை. தெருவில் அதற்கும் ஒரு கதை கட்டினார்கள். பாம்பாட்டிச் சித்தர் ஒரு தடவை செத்துப்போன ராஜாவின் உடம்புக்குள் புகுந்தாராம். ராஜா எழுந்து உட்கார்ந்ததும் ஊரெல்லாம் கொண்டாட்டம். ராணி மட்டும் கண்டுபிடித்துவிட்டாளாம், எழுந்து உட்கார்ந்திருப்பது தன் புருஷன் இல்லை என்று. தறிக்காரருக்கும் அப்படித்தான் ஆகியிருக்கிறது, பாருங்கள், எவ்வளவு சாந்தமாகிவிட்டார் என்று பேசிக்கொண்டார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால் என் மனைவி சோறு போடும்போது என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்துவிட்டுப் போவாள். உள்ளே இருப்பது யார் என்று அவளும் பார்க்கிறாளோ என்று எனக்குச் சந்தேகம். ராத்திரியில் திடீரென்று விழித்தால் கையை அசைத்துப் பார்த்துக்கொள்வேன். அசைந்த பிறகுதான் இன்னொரு பயம் வரும். அவள் அப்படி உட்கார்ந்திருந்தது ஏன்? அதைக் கேட்காமல் அந்த வீட்டில் என்னால் ஒரு வாய் தண்ணீர் குடிக்க முடியவில்லை, கேட்கவும் பயம்.

ஒரு மத்தியானம் கரண்டு போய்த் தறி எல்லாம் நின்றது. அவள் கொட்டகையில் உட்கார்ந்து கையால் நூல் சுற்றிக்கொண்டிருந்தாள். நான் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"எங்காதுல சொன்னியே, பாயில கெடந்துச்சுன்னு. அப்பமே ஒனக்குத் தெரியும்லா?"

அவள் கை நிற்கவில்லை. "தெரியும்."

"பெறகு ஏன் பேசாம இருந்தெ?"

"போகட்டும்னுதான் இருந்தேன்."

பழைய நானாக இருந்தால் தறியைத் தூக்கி எறிந்திருப்பேன். எனக்கு அழுகைதான் வந்தது. அவள் அழவில்லை.

"எல்லாரும் கும்பிட்டுக்கிட்டு இருந்தாக" என்றாள். "நல்லபடியாப் போனாருன்னுதான் ஊரு சொல்லும். நான் ஒண்ணுமே செய்ய வேண்டாம், சும்மா இருந்தாப் போதும். இந்தக் கற்பூரம் அணையட்டும், அப்பறம் எந்திரிப்போம்னு நெனச்சேன். அன்னைக்குன்னு பாத்துக் காத்து. தீ ஒங்க கால் பக்கம் சாஞ்சு சாஞ்சு வந்துச்சு. சுடுமேன்னு காலை நகட்டி வச்சேன்."

அவள் முதல் முறையாகக் கையை நிறுத்தினாள்.

"நகட்டுன பெறகுதான் எனக்கே வெளங்குச்சு, என்ன செஞ்சேன்னு. சாகட்டும்னு உக்காந்திருக்கவளுக்குக் கால் சுட்டா என்ன, சுடாட்டா என்ன? அந்தக் கை ஏன் போச்சு? அதுக்கு மேல என்னால சும்மா இருக்க முடியலை, கத்திட்டேன்."

நான் அவள் கையைப் பிடிக்கப் போனேன். அவள் அதை இழுத்துக்கொண்டாள்.

"யோசிச்சு நகட்டலைங்க, அதுவாப் போச்சு. இன்னொரு வாட்டி போகுமான்னு கேட்டா, எனக்குத் தெரியாது."